குதிரைத்திறன் வரியை மறைத்துவிட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்போர்ட்ஸ் கார்களின் பேஸ் (அடிப்படை) மாடலையும் உயர்திறன் மாடலையும் ஒப்பிட்டு உங்கள் மோட்டார் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அட்டவணையில் மூன்றே வரிகள்: குதிரைத்திறன், 0–100 கி.மீ. நேரம், உச்ச வேகம். மூன்றிலும் உயர்திறன் மாடல் முந்துகிறது. ஆகவே கையில் பணம் இருந்தால் அதையே வாங்குங்கள் என்று கட்டுரை முடிகிறது. பார்க்கப்போனால் இந்த மூன்றும் ஒரே வரிதான். முதல் எண் ஏறினால் மற்ற இரண்டும் தாமாகவே மாறும். வாங்குகிறவர் பல வருடம் அனுபவிக்கப்போகிற வேறுபாடுகளோ அட்டவணைக்கு வெளியே கிடக்கின்றன. குதிரைத்திறன் வரியைக் கையால் மறைத்துக்கொண்டு மிச்சமிருக்கும் விவரத்தாளைப் படியுங்கள், அதை வைத்து முடிவெடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

மறைக்கும் முன் அந்த வரி என்ன தருகிறது என்று நியாயமாகப் பார்த்துவிடலாம். போர்ஷே 911-இன் 992 தலைமுறை, முதல் பதிப்பு. பேஸ் மாடலான கரேரா 385 குதிரைத்திறன், உயர்திறன் மாடலான கரேரா எஸ் 450. இரண்டுக்கும் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. உச்ச வேகம் 293, 308 கி.மீ. காற்றைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும் என்பதால், 17 சதவீதம் கூடுதல் திறனுக்குக் கிடைக்கும் கூடுதல் வேகம் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். 293-ஐ அந்த அளவுக்குக் கூட்டினால் 308 வந்து நிற்கிறது. இதில் அதிசயம் ஏதுமில்லை, பயனும் அநேகமாக இல்லை.

0–100 நேரம் கரேராவுக்கு 4.2 விநாடி, எஸ்ஸுக்கு 3.7. ஸ்போர்ட் க்ரோனோ தொகுப்பைச் சேர்த்தால் 4.0, 3.5. அதாவது நின்ற இடத்திலிருந்து கிளப்பும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் ஒரு விருப்பத் தொகுப்பே, இரு மாடல்களுக்கும் இடையிலான அரை விநாடியில் 0.2-ஐ ஈடுகட்டிவிடுகிறது. முறுக்குவிசையிலும் ஒரு சங்கதி உண்டு. எஸ் தருவது 530 நியூட்டன் மீட்டர், ஆனால் அது என்ஜின் நிமிடத்துக்கு 2,300 சுற்று சுழலும்போதுதான் முழுதாக வரும். கரேராவின் 450 நியூட்டன் மீட்டர் 1,950 சுற்றிலேயே வந்துவிடும். டர்போ சிறியது, சீக்கிரம் சுழலும். நடு சுற்றுகளில் எஸ் பலசாலி என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பலம் ஆக்ஸிலரேட்டர் பெடலை முழுதாக மிதித்தால்தான் வெளிவரும். பாதி மிதித்தால் இரண்டும் ஒன்றுதான். கரேராவில் கால் விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முடிந்தது. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இரண்டாம் கியர் சிவப்புக்கோட்டைத் தொடுவதற்குள் 100 கி.மீ. தாண்டிவிடுகிறது. பொதுச்சாலையில் முழுப் பெடலுக்குக் கிடைப்பது சில விநாடிகளே.

இப்போது வரியை மறைப்போம். இதற்குச் சரியான பாடம் நிஸான் இசட். அமெரிக்காவில் விற்கும் ஸ்போர்ட், பெர்ஃபார்மன்ஸ் ஆகிய இரு வகைகளுக்கும் ஒரே 3 லிட்டர் இரட்டை டர்போ என்ஜின், ஒரே 400 குதிரைத்திறன். உங்கள் அட்டவணைப்படி இரண்டும் ஒரே கார். ஆனால் ஸ்போர்ட் வகையில் முன் பிரேக் டிஸ்க் 12.6 அங்குலம், வீல் 18 அங்குலம், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சாதாரணமானது. பெர்ஃபார்மன்ஸ் வகையில் டிஸ்க் 14 அங்குலம், அதை அழுத்திப் பிடிக்க நான்கு பிஸ்டன் காலிப்பர், 19 அங்குல வீல், கிளட்ச் தகடுகள் கொண்ட லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ஒரு குதிரை கூடக் கூடாமலேயே காரின் குணம் மாறிவிடுகிறது.

இந்த டிஃபரன்ஷியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் கடைசி வரியாக வரும் சாமான் இது. கார் வளைவிலிருந்து வெளியேறும் விதத்தை முடிவுசெய்வதும் இதுதான். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பின்சக்கரங்களுக்கும் எப்போதும் சம முறுக்குவிசையே தரும். வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் எடை குறைகிறது, அது தாங்கும் விசையும் குறைகிறது. அதற்கு மேல் மிதித்தால் அது வெறுமனே சுழலும். நல்ல பிடிமானத்தோடு தரையில் ஊன்றியிருக்கும் வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் போகும். இதைச் சமாளிக்கப் பேஸ் மாடல்களில் மின்னணு அமைப்பு உள்சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கிறது. சாலையில் இது போதும், நன்றாகவே வேலை செய்கிறது. பந்தயத்தடத்தில் சுற்றுக்குச் சுற்று இதையே செய்தால் பின் பிரேக் பேடு தேய்கிறது, சூடேறுகிறது, போட்ட திறனில் ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது. கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் அந்த விசையை வெளிச்சக்கரத்துக்குக் கடத்துகிறது. வேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பின்புறம் ஆடாமல் நிற்கவும் உதவுகிறது. பராமரிப்பில் ஒரு எச்சரிக்கை: இதற்குரிய உராய்வுக் கலவை சேர்ந்த கியர் ஆயிலையே ஊற்ற வேண்டும். தவறான ஆயில் ஊற்றினால் வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது பின்பக்கம் கடகடவென்று அதிரும். பல்சக்கர வகையில் (டோர்சன்) இந்தத் தகடுகள் இல்லை, தேய்மானம் குறைவு. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால் அது ஏறக்குறைய சாதாரண டிஃபரன்ஷியலாகிவிடும்.

வாங்கிய பிறகு இதைப் பொருத்துவது எளிதல்ல. டிஃபரன்ஷியலைக் கழற்றி, பல் இடைவெளியை நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்து, பேரிங் அழுத்தத்தை அமைக்க வேண்டும். பிரேக்கைக் கொண்டு சக்கரச் சுழற்சியை அடக்கும் மென்பொருளோ இன்னும் பழைய டிஃபரன்ஷியலையே மனதில் வைத்திருக்கும். எனவே பேஸ் மாடலில் இது விருப்ப உபகரணமாகக் கிடைக்கிறதா என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அடுத்து பிரேக். இங்கேதான் பெரிய தவறான நம்பிக்கை. பெரிய டிஸ்க் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்று நினைக்கிறார்கள். 100 கி.மீ. வேகத்தில் ஒரே ஒருமுறை பிரேக்கை முழுதாக மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலைசெய்யத் தொடங்கிய நொடியிலிருந்து எல்லையை நிர்ணயிப்பது டயர். பேஸ் மாடலின் பிரேக்காலும் அந்த எல்லையை எட்ட முடியும். முதல் நிறுத்தத்தில் தெரியாத வித்தியாசம் பத்தாவது நிறுத்தத்தில் தெரியும். பெரிய டிஸ்க் என்பது வெப்பத்தைக் கொள்ளும் பெரிய பாத்திரம், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 1,500 கிலோ எடையுள்ள கார் 200 கி.மீ. வேகத்திலிருந்து 100-க்கு இறங்கும்போது, காற்றுத்தடையை ஒதுக்கிவிட்டால், பிரேக்கில் சேரும் வெப்பம் சுமார் 1.74 மெகாஜூல். கூடுதல் திறன் காரணமாக அதே இடத்தில் 220 தொட்டுவிட்டு 100-க்கு இறங்கினால் 2.22 மெகாஜூல். வேகம் 10 சதவீதம், வெப்பம் 28 சதவீதம். உயர்திறன் மாடலில் வரும் பெரிய பிரேக்கின் ஒரு பகுதி, அந்த மாடல் தானே கூடுதலாக உண்டாக்கும் வெப்பத்துக்கே செலவாகிவிடுகிறது. மேலே சொன்ன கரேராவில் டிஸ்க் 330 மி.மீ., எஸ்ஸில் 350 மி.மீ., முன்புறம் ஆறு பிஸ்டன். சிவப்பு காலிப்பர் பார்க்க அழகுதான். சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு அதன் பயன் பெரும்பாலும் அந்த அழகோடு நின்றுவிடுகிறது.

எப்போதாவது பந்தயத்தடத்துக்குப் போகும் பேஸ் மாடல்காரர் முதலில் மாற்ற வேண்டியது காலிப்பரை அல்ல, பிரேக் ஆயிலை. டாட் 4 தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் சேர்ந்த நிலையில் 155 டிகிரிதான் உத்தரவாதம். ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. தடத்துக்குப் போகும் முன் மாற்றிவிடுவது நல்லது. அடுத்தது, அதிக வெப்பம் தாங்கும் பேடு. பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் தடத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. மெல்லிய பேடு வெப்பத்தை நேராகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும். ஓடும்போது என்ன கோளாறு என்று காலே சொல்லும். பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல்லாக நின்று வண்டி மட்டும் நிற்க மறுத்தால் பேடு தன் வெப்ப எல்லையைத் தாண்டியிருக்கிறது. இரண்டிலும் உடனே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு சுற்று மெதுவாக ஓட்டிக் குளிரவிட வேண்டும். வண்டியை நிறுத்தியதும் பெடலை மிதித்தபடியும் ஹேண்ட்பிரேக் போட்டபடியும் விடக் கூடாது. சூடான டிஸ்க்கில் பேடு தொட்ட இடத்தில் கறை படிந்து, பிறகு ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அதிர்வு வரும்.

முன்பக்கம் மட்டும் பெரிய காலிப்பர் வாங்கி மாட்டும் பழக்கம் பரவிவருகிறது. பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு மாறினால் பெடல் பயணம் மாறும். முன்–பின் பங்கீடு முன்பக்கம் சாய்ந்தால் பின் பிரேக் தன் பங்கு வேலையைச் செய்யாமல் போய், வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடவும் வாய்ப்புண்டு. பிரேக்கில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்ட முழுத் தொகுப்பு இல்லாவிட்டால், நிறுவனம் கொடுத்ததை அப்படியே விட்டுவிடலாம்.

வீல், டயர் விஷயத்தில் சாலைக்குப் பேஸ் மாடலே கெட்டி. கரேராவின் முன் டயர் 235/40 (அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம்), 19 அங்குலம். பக்கச்சுவர் 94 மி.மீ. எஸ்ஸில் 245/35, 20 அங்குலம். பக்கச்சுவர் சுமார் 86 மி.மீ. பின்னால் சுமார் 103-க்கு 91 அல்லது 92. பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருப்பது இந்த ரப்பர் மட்டுமே. டயரின் பக்கச்சுவரில் ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே நூலடுக்கு அறுந்திருக்கிறது. அந்த டயரை ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது. பெரிய டிஸ்க்கை மூடப் பெரிய வீல் வேண்டும் என்பதால் உயர்திறன் மாடலில் பிறகு சிறிய வீலுக்கு இறங்குவதும் சிரமம். நீங்கள் ஒப்பீடு செய்யும்போது இரு கார்களிலும் ஒரே தயாரிப்பு டயர் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். வளைவில் தெரியும் வேறுபாட்டில் பெரும்பங்கு டயரால் வருவது.

சஸ்பென்ஷனுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆல்பீன் ஏ110. முதலில் வந்த மாடல் 252 குதிரைத்திறன். 2019-இல் வந்த எஸ் 292, ஆனால் முறுக்குவிசை அதே 320 நியூட்டன் மீட்டர். ஸ்பிரிங் 50 சதவீதமும், வளைவில் காரின் சாய்வைத் தடுக்கும் ஆன்ட்டி ரோல் பார் 100 சதவீதமும் விறைப்பாக்கப்பட்டன. உயரம் 4 மி.மீ. குறைந்தது. வழவழப்பான தடத்தில் எஸ் சாய்வில்லாமல் திரும்பும். மேடுபள்ளமான சாலையில் மென்மையான ஸ்பிரிங் கொண்ட மூல மாடலின் சக்கரம் தரையைவிட்டு எழும்பாமல் ஒட்டிக்கொண்டு போகும். அங்கே அதுதான் வேகமான கார் என்றுகூடச் சொல்லலாம். விறைப்பு கூடினால் கார் உயர்ந்தது என்ற எண்ணத்தை விளம்பரங்கள் வளர்த்துவிட்டன.

எடையும் இப்படித்தான். டொயோட்டா சுப்ராவின் நான்கு சிலிண்டர் 2 லிட்டர் வகை, ஆறு சிலிண்டர் வகையைவிட 100 கிலோ வரை இலகு. என்ஜின் குட்டையானது, பின்தள்ளி உட்காருவதால் மூக்கு சுலபமாகத் திரும்புகிறது. ஆனால் அமெரிக்காவில் விற்ற 2 லிட்டர் வகையில் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டு டேம்பரும், விசைப் பகிர்வைக் கணினி கட்டுப்படுத்தும் ஆக்டிவ் டிஃபரன்ஷியலும் கிடையாது. ஜப்பானில் அதே என்ஜினோடு வந்த எஸ்இசட்-ஆர் வகையில் இரண்டும் உண்டு. ஒரே பெயர், ஒரே என்ஜின், நாட்டுக்கு நாடு வேறு கார். இணையத்தில் பிற நாட்டு விமர்சனத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

குளிர்விப்பு பற்றி ஒன்று. செவ்ரோலே கார்வெட்டின் எட்டாம் தலைமுறை ஸ்டிங்ரேயில் இசட்51 என்றொரு தொகுப்பு இருக்கிறது. பெரிய பிரேக், மின்னணு லிமிடெட் ஸ்லிப், கூடுதல் குளிர்விப்பு, வேறு டயர். குதிரைத்திறன் 490-இலிருந்து 495 ஆகிறது, அதுவும் சைலன்சர் அமைப்பு மாறுவதால். உயர்திறன் மாடலுக்குத் தாவாமல் உயர்திறன் மாடலின் உறுப்புகளை வாங்குவது என்பது இதுதான். இப்படியொரு தொகுப்பு இருந்தால் பேஸ் மாடலும் அந்தத் தொகுப்பும் என்பதே பெரும்பாலானோருக்கு என் பரிந்துரை.

‘பேஸ் வாங்கி மென்பொருளை மாற்றினால் எஸ் ஆகிவிடும்’ என்ற யோசனையையும் உங்கள் கட்டுரை ஒரு வரியில் தொட்டுச் சென்றது. போர்ஷேயையே எடுத்துக்கொள்ளுங்கள்: கரேராவில் இருப்பது எஸ்ஸின் டர்போ அல்ல, சிறியது. அதைக் கூடுதல் அழுத்தத்துக்கு விரட்டினால் கம்ப்ரஸர் தன் திறம்பட்ட எல்லையைத் தாண்டி, காற்றை அழுத்துவதைவிடச் சூடாக்குவதையே அதிகம் செய்யும். சூடான காற்று வந்தால் என்ஜின் கணினி தன்னைக் காத்துக்கொள்ள இக்னிஷன் பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளும். வெயில் ஏறிய நேரத்தில் வாங்கிய கூடுதல் திறன் காணாமல் போகும். பிரேக், ரேடியேட்டர், கிளட்ச் எதுவும் வளர்ந்திருக்காது. மேனுவல் கியர் காரில் முதலில் நழுவுவது கிளட்ச். பல நிறுவனங்களின் கணினிகள் மென்பொருள் மாற்றப்பட்டதைப் பதிந்துவைக்கின்றன. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் பதிவு இருக்கும், வாரண்டி போகும். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

ஆக, பிறகு சேர்க்கக்கூடியவை: பேடு, ஆயில், டயர், சக்கர அலைன்மென்ட், பல கார்களில் இருக்கை. சேர்க்க முடியாதவை அல்லது சேர்ப்பதில் அர்த்தமில்லாதவை: பின்சக்கர ஸ்டீயரிங், மின்னணு டேம்பர், டிஃபரன்ஷியல், கியர் விகிதம், மேனுவல் கியர்பாக்ஸ். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். 992-இன் முதல் பதிப்பில் மேனுவல் வேண்டுமென்றால் கரேராவில் கிடைக்காது. எஸ்ஸுக்கோ பிறகு வந்த கரேரா டி வகைக்கோதான் போக வேண்டும். பின்சக்கர ஸ்டீயரிங்கும் அப்படியே. அது வேண்டும் என்பவர் எஸ் வாங்குவதில் முழு நியாயம் இருக்கிறது, திறனுக்காக அல்ல என்றாலும். கார்வெட் இசட்06 போல என்ஜினே வேறாகிவிட்டால் இந்த வாதமெல்லாம் செல்லாது. 5.5 லிட்டர், 8,400 சுற்றில் 670 குதிரைத்திறன். அந்த ஓசைக்காகவும் சுழற்சிக்காகவும் வாங்குகிறவரிடம் பிரேக் டிஸ்க் கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பது வீண்.

ஓட்டிப் பார்க்கும்போது பேஸ், உயர்திறன், மறுபடி பேஸ் என்ற வரிசையில் ஓட்ட வேண்டும். ஒரே நாள், ஒரே சாலை. கிளம்பும் முன் இரண்டிலும் குளிர்ந்த டயரின் காற்றழுத்தத்தைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஷோரூம் வண்டிகளில் காற்று அதிகமாக இருப்பது சகஜம். அந்தக் குலுக்கலைச் சஸ்பென்ஷன் மேல் பழி போடக் கூடாது. ஸ்போர்ட் மோடைத் தொடாமல், மோசமான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் முதலில் ஓட்டுங்கள். பிறகு மூன்றாம் கியரில் 2,000 சுற்றிலிருந்து முழுதாக மிதித்து, இழுவை எத்தனை சுற்றில் வருகிறது என்று கவனியுங்கள். பெடலை விட வேண்டிய கட்டாயம் எத்தனை விநாடியில் வந்தது என்பதையும் இரண்டு காரிலும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பலர் மனம் மாறுவதுண்டு.

பழைய கார் வாங்குபவருக்கு வேறு கவலை. உயர்திறன் மாடல் பந்தயத்தடத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து ஒப்பிடுங்கள். துளையிட்ட டிஸ்க்கில் ஒரு துளையிலிருந்து மறு துளைக்கு விரிசல் ஓடியிருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டும். காலிப்பரின் சிவப்பு பழுப்பாகியிருந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் கருகியிருந்தால், கடும் சூட்டைக் கண்ட பிரேக் அது. பின் டயரின் உள்விளிம்பைக் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வெளியே புதிது போலிருந்து உள்ளே நூல் தெரியும் டயர்கள் உண்டு. மேனுவல் போர்ஷேயாக இருந்தால் என்ஜின் கணினியிலிருந்து அதிகச் சுழற்சிப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். புதிய தலைமுறைகளில் அது ஆறு படிகளாக இருக்கும். மேல் படிகளில் எண்கள் இருந்தால் யாரோ தவறான கியருக்கு இறக்கியிருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பீட்டின் அட்டவணையில் டிஸ்க் விட்டம், டிஃபரன்ஷியல் வகை, டயரின் பெயரும் அளவும், சோதித்த காரின் உண்மையான எடை, பேஸ் மாடலில் எதையெல்லாம் விருப்பமாகச் சேர்க்கலாம் என்ற ஐந்து வரிகளையும் சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் உச்ச வேகத்தை எடுத்துவிடலாம், யாரும் தேடமாட்டார்கள்.

இப்படிக்கு,
வாகன சேஸிஸ் துறையில் பணிபுரியும் வாசகர்